சாகாவரக் காளானும் எங்க பெரியப்பாவோட சுகரும்

ரொம்ப நாளா அரைகுறையா எழுதி மூட்டை கட்டி வெச்சிருந்த பதிவு இது. இந்த வாரம் ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் குறைவு, அதனால தூசி தட்டி எடுத்துட்டேன். பதிவு கொஞ்சம் நீளம். டீயோ காபியோ கையில வெச்சுக்கிட்டுப் படிங்க மக்களே. சர்க்கரை மட்டும் கம்மியா :-)

எங்க ஊர் சேத்தியாத்தோப்பு. வெளியூர்க்காரங்களுக்கு ரெண்டு அடையாளம் சொல்வோம்: ஒண்ணு வெள்ளாத்து அணைக்கட்டு, இன்னொண்ணு எம்.ஆர்.கே. கூட்டுறவு சர்க்கரை ஆலை. அரவை சீசன்ல கரும்பு ஏத்தின டிராக்டருங்க ரோட்டோரம் வரிசை கட்டி நிக்கும். ஸ்கூல் விட்டு வரும்போது பின்னாடியே ஓடி ஒரு கழி உருவுறதுதான் எங்க வீர விளையாட்டு. இப்படி சர்க்கரையிலேயே வளர்ந்த எங்க தெருவுல, இப்போ சர்க்கரை போட்டு டீ குடிக்கிற பெரியவங்களை விரல் விட்டு எண்ணிடலாம். இது எங்க தெரு கதை மட்டும் இல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுக்க நடத்தின ஆய்வு 2023ல வெளியாச்சு. இந்தியாவுல 10.1 கோடி பேருக்கு நீரிழிவு இருக்கலாம்னு அது கணக்கு சொல்லுது. எங்களுக்குப் பக்கத்துல இருக்குற புதுச்சேரியில நூத்துக்கு 26 பேருக்கு மேல.

கதை 2017ல ஆரம்பிக்குது. நான் அப்போ இன்ஜினியரிங் மூணாவது வருஷம். எங்க பெரியப்பா நெய்வேலி சுரங்கத்துல வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். பதினஞ்சு வருஷமா சுகர் உண்டு. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணுன்னு மாத்திரை. அந்த வருஷம் அவரோட பால்ய சிநேகிதர், ரிட்டயர்டு வாத்தியார் ஒருத்தர், கையில ஒரு பளபளப்பான புத்தகத்தோட வீட்டுக்கு வந்தார். ஒரு சங்கிலித்தொடர் வியாபாரக் கம்பெனியில சேர்ந்திருக்கார். அவங்க விக்கிறது ஒரு காளான் மாத்திரை. சிவப்புக் காளான், சீனாவுல நாலாயிரம் வருஷமா சக்கரவர்த்திங்க சாப்பிட்டது, சர்க்கரையை வேரோட எடுத்துடும், இங்கிலீஷ் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமா விட்டுடலாம்யான்னு வாத்தியார் சொன்னார். மாசம் மூவாயிரம் ரூபாய்க்கு மேல. பெரியப்பா வாங்கினார்.

அதுல எனக்கு இன்னைக்கும் மறக்காத விஷயம் ஒண்ணு இருக்கு. மாத்திரை ஆரம்பிச்ச மூணாவது வாரம் ரத்தத்துல சர்க்கரை ஏறிடுச்சு. பெரியம்மா பயந்து போய் வாத்தியாரைக் கூப்பிட்டாங்க. அவர் புத்தகத்தைப் பிரிச்சு, "இது நல்ல அறிகுறிம்மா, உடம்புல ஒளிஞ்சிருக்குற சர்க்கரையைக் காளான் வெளியில தள்ளுது, பயப்படாதீங்க"ன்னு சொன்னார். புத்தகத்துல அப்படித்தான் அச்சடிச்சிருந்துச்சு. குறைஞ்சா மருந்து வேலை செய்யுது, ஏறினாலும் மருந்து வேலை செய்யுது. எந்த இன்புட் குடுத்தாலும் 'பாஸ்'னு காட்டுற டெஸ்ட் கேஸ் மாதிரி. ரெண்டு மாசம் கழிச்சு, கால்ல செருப்பு கடிச்ச புண்ணு ஆறாம, பெரியப்பாவை ஆஸ்பத்திரியில சேர்த்தப்ப சர்க்கரை 400ஐத் தாண்டி இருந்துச்சு. இடது கால் சுண்டு விரலை எடுக்க வேண்டியதாப் போச்சு.

வாத்தியார் மேல எங்க யாருக்கும் கோவம் இல்ல. அவருக்கும் சுகர், அவரும் அதையேதான் முழுங்கிட்டிருந்தார். தன்னோட ரிட்டயர்மென்ட் பணத்துல ஒரு பீரோ நிறைய சரக்கு வாங்கி அடுக்கி வெச்சிருந்தார் பாவம்.

எனக்கு மட்டும் அந்த 'நாலாயிரம் வருஷம்' மண்டையில நின்னு போச்சு. பொட்டி தட்டுறவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கோட்ல ஒரு தப்பான வரி இருந்தா அதைத் திருத்துறதோட விட மாட்டான். யார் எழுதினது, என்னைக்கு உள்ளே வந்ததுன்னு பழைய வெர்ஷன் எல்லாம் நோண்டிப் பார்ப்பான். 'இந்தக் காளான் சர்க்கரைக்கு மருந்து'ங்கிற வரி எந்த வருஷம் உள்ளே நுழைஞ்சது? லீவு நாள்ல படிச்சுப் படிச்சு சேர்த்ததுதான் இனி வர்றது.

காளானோட சீனப் பேரு லிங்ஜி. ஜப்பான்காரன் ரெய்ஷிம்பான். தாவரவியல்காரங்க கானோடெர்மாங்கிற பேரினத்துல வெச்சிருக்காங்க. பளபளக்குற தோல்னு அர்த்தம். பார்த்தா வார்னிஷ் அடிச்ச மாதிரிதான் இருக்கும், செம்பழுப்பு நிறத்துல, விசிறி வடிவுல. மழை விட்டதும் வயக்காட்டுல பறிச்சு வந்து குழம்பு வைக்கிறோமே அந்த மெத்து மெத்து காளான் இல்ல. கட்டை மாதிரி இறுகினது, கடிச்சா பல்லு போயிடும், அவ்வளவு கசப்பு வேற.

சீன மருந்து நூல்கள்ல ரொம்பப் பழசுன்னு சொல்றது 'ஷென்னோங் பென்சாவ்'. ஹான் அரச வம்ச காலத்துல, ஏறக்குறைய ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி தொகுத்தது. இதுல 365 மருந்து, மூணு வகுப்பாப் பிரிச்சிருக்காங்க. மேல் வகுப்புல இருக்கிறது ஆயுளை வளர்க்குற மருந்து. கீழ் வகுப்பு நோயை அடிக்கிற மருந்து, ஆனா விஷம் கலந்தது. நம்ம லிங்ஜி மேல் வகுப்பு. ஆறு நிறத்துல ஆறு லிங்ஜி சொல்லியிருக்கு. சிவப்பு நெஞ்சுக்கும் ஞாபக சக்திக்கும், கறுப்பு சிறுநீர் அடைப்புக்கு, பச்சை கண்ணுக்கு, வெள்ளை இருமலுக்கு, ஊதா காது மந்தத்துக்கும் மூட்டுக்கும். மஞ்சள் மண்ணீரலுக்கு. எல்லாத்துக்கும் பொதுவா, ரொம்ப நாள் சாப்பிட்டா உடம்பு லேசாகி ஆயுசு நீளும்ங்கிற மாதிரி ஒரு முடிப்பு. சர்க்கரை நோய்? இந்த ஆறுலயும் இல்ல.

அந்த நோயைப் பத்தி அப்போ சீனாக்காரனுக்குத் தெரியாதுன்னு நினைச்சிடாதீங்க. நல்லாவே தெரியும். பேரு 'சியாவ்கே'. உடம்பு கரையும், தாகம் எடுக்கும், அதான் அர்த்தம். கொழுப்பும் இனிப்பும் அதிகமா சாப்பிடுற வசதியானவங்களுக்கு இது வரும்னு 'மஞ்சள் பேரரசர் நூல்'ல குறிப்பு இருக்கு. சிறுநீர் இனிக்கும்ங்கிறதை ஏழாம் நூற்றாண்டு வைத்தியர் ஒருத்தர் எழுதி வெச்சதை, 752ல வாங் தாவ் தன்னோட தொகுப்புல எடுத்துப் போட்டிருக்கார். நம்ம பக்கம் சரகரும் சுஸ்ருதரும் இதை அதுக்கும் முன்னாடியே சொல்லிட்டாங்க. மதுமேகம்ங்கிற பேரே தேன் மாதிரி இனிக்கிற சிறுநீர்னுதான். எறும்பு மொய்க்கிறதையும் கவனிச்சிருக்காங்க. நோய்க்குக் காரணமா சரகர் சொல்ற பட்டியல்ல முதல்ல வர்றது உட்கார்ந்தே இருக்குற சுகம். இதை ஏ.சி. ரூம்ல சுழல் நாற்காலியில சாய்ஞ்சு படிச்சப்போ லேசா வயித்தைக் கலக்குச்சு. ஐரோப்பாவுல தாமஸ் வில்லிஸ் சிறுநீர் இனிப்பைப் பத்தி எழுதினது 1674ல. மேத்யூ டாப்சன் அதைக் காய்ச்சி வத்த வெச்சு, அடியில நிக்கிறது சர்க்கரைதான்னு காட்டினது 1776ல.

சரி, ஷென்னோங் நூல்ல சியாவ்கேக்கு என்னதான் மருந்து? கூட்ஸுங்கிற கொடியோட கிழங்கு. ஜிமூன்னு ஒரு கிழங்கு. அப்புறம் நம்ம புடலங்காயோட சீனத்துப் பங்காளி ஒண்ணு இருக்கு, அதோட வேர். மூணுமே நேரடியா இந்த நோய்ப் பேரைச் சொல்லிக் குறிப்பிட்டிருக்கு. லிங்ஜி அதே நூல்லதான் இருக்கு, ஆனா இந்த வரிசையில இல்ல. தொகுத்தவங்களுக்குத் தோணியிருந்தா ஒரு வார்த்தை சேர்க்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

இதுல ஒரு நியாயம் சொல்லணும். சர்க்கரைக்கு சீனாக்காரன் காளானே குடுக்கலைன்னு இல்ல. ஃபுலிங்னு ஒரு காளான் உண்டு. பைன் மர வேர்ல, மண்ணுக்கு அடியில, தேங்காய் மாதிரி உருண்டையா விளையும். கி.பி. 200ஐ ஒட்டி வாழ்ந்த ஜாங் ஜோங்ஜிங்ங்கிற வைத்தியர், குடிக்கிற தண்ணி அத்தனையும் சிறுநீராப் போற நோயாளிக்கு எட்டு சரக்கு சேர்ந்த ஒரு உருண்டை மருந்து சொன்னார். அதுல ஒரு சரக்கு ஃபுலிங். எட்டுல ஒண்ணு, அவ்வளவுதான். பளபளப்பு கிடையாது, பாக்க மண்ணாங்கட்டி மாதிரி இருக்கும், அதனாலயோ என்னவோ எந்த வழவழப் புத்தகத்திலயும் அதோட படத்தை நான் பார்த்ததில்ல.

லிங்ஜிக்குக் கிடைச்ச மரியாதை வேற வகை. அது அரண்மனைச் சரக்கு. சின் பேரரசர் கி.மு. 219ல சாகாவர மருந்து தேடி ஷூ ஃபூங்கிறவரைக் கடலுக்கு அனுப்பினார். பத்து வருஷத்துக்குள்ள பேரரசரே போய்ச் சேர்ந்துட்டார். கடலுக்கு நடுவுல தேவர்கள் வாழ்ற தீவு, அங்க விளையுற சாகா மூலிகைன்னு வளர்ந்த கதைகள்ல லிங்ஜி வந்து உக்காந்துடுச்சு. கி.மு. 109ல ஹான் பேரரசர் வூவோட அரண்மனைக்குள்ள ஒம்பது காம்போட லிங்ஜி முளைச்சதாம். ஊரெல்லாம் பொது மன்னிப்பு, அதைப் பத்தி ஒரு துதிப் பாட்டு வேற. (எங்க வீட்டு உத்தரத்துல மழைக்காலத்துல காளான் முளைச்சப்போ அப்பா கொத்தனாரைத்தான் கூப்பிட்டார்.) வெள்ளைப் பாம்பு கதையில, செத்துப் போன புருஷனை எழுப்ப நாயகி மலை ஏறித் திருடிட்டு வர்றதும் இதைத்தான். கோயில் தூண், சிம்மாசனம், பட்டுத்துணின்னு எல்லாத்திலயும் இதோட வடிவம். நம்ம ஊர்ல தாமரை மாதிரின்னு வெச்சுக்கங்களேன்.

இந்த சாகாவர சமாச்சாரத்தை வைத்தியருங்க எப்படிப் பார்த்தாங்கன்னு தேடினப்போ ரெண்டு பேரு மாட்டினாங்க. ரெண்டு பேருமே தங்கமானவங்க.

முதல் ஆளு சுன் சிமியாவ். ஏழாம் நூற்றாண்டு. சீன வைத்தியத்துல இவரை மருந்தின் அரசர்னு கும்பிடுறாங்க. சியாவ்கே நோயாளிக்கு மூணு கட்டுப்பாடு சொல்றார்: குடி, கூடல், உப்பும் மாவும் சேர்ந்த சாப்பாடு. இந்த மூணுலயும் ஜாக்கிரதையா இருந்தா மருந்தே இல்லாமலும் ஓட்டிடலாம். இல்லைன்னா தங்க ரசவாத மருந்தே கொண்டு வந்து குடுத்தாலும் காப்பாத்த முடியாதுங்கிறார். தங்க மருந்துன்னா அந்தக் காலத்துல சாகாவரத்துக்குத் தாவோ சாமியாருங்க காய்ச்சினது. ஆயிரத்து முன்னூறு வருஷத்துக்கு முன்னாடியே மனுஷன் சாகாவர மருந்தையும் சர்க்கரை நோயையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்து, இது அதுக்கு உதவாதுன்னுட்டார்!

இன்னொருத்தர் லி ஷிஜென். மிங் காலத்து ஆள். சுமார் முப்பது வருஷம் உழைச்சு 1578ல 'பென்சாவ் காங்மு'ன்னு ஒரு பெரும் நூலை முடிச்சார். 52 பாகம், 1892 சரக்கு. அச்சுல பார்க்க அவருக்குக் குடுத்து வைக்கலை. 1593ல இறந்துட்டார், புத்தகம் 1596ல நான்ஜிங்ல வந்துச்சு. பெரியப்பா வாங்கின அந்தப் பளபளப் புத்தகத்துல, காளானோட பெருமைக்கு ஆதாரமா இவரோட படம் போட்டிருந்துச்சு. சரி, இவர் என்ன சொல்றார்னு மொழிபெயர்ப்புல தேடிப் பிடிச்சேன். முதல் அதிர்ச்சி, லிங்ஜியை அவர் காய்கறிப் பகுதியில வெச்சிருக்கார். ரெண்டாவது, அழுகினதோட மிச்சத்துல முளைக்கிறது இது, மனுஷன் உடம்புல கட்டி வர்ற மாதிரின்னு எழுதியிருக்கார். இதைப் போய் மங்கல மூலிகைன்னும், சாப்பிட்டா சாகாம இருக்கலாம்னும் சொல்றது அபத்தம்னு முடிக்கிறார். பழைய நூல்ல சொன்ன குணங்களைப் பதிவு பண்ணியிருக்கார்தான், ஆனா அங்கயும் சர்க்கரை இல்ல. எந்தக் கடைக்காரன் சரக்குக்கு இவர் படத்தை மாட்டினானோ, அந்தச் சரக்கைப் பத்தி இவரு எழுதினது இது. ராத்திரி ஒரு மணிக்கு ரூம்ல தனியா சிரிச்சேன். அப்புறம் பெரியப்பாவோட விரல் ஞாபகம் வந்துச்சு.

அப்போ சர்க்கரைங்கிற வரி எப்பதான் உள்ளே வந்தது?

1985. ஜப்பான். அதுக்கு முன்னாடி ஒண்ணு நடக்க வேண்டியிருந்துச்சு. லிங்ஜி காட்டுல அபூர்வமாக் கிடைக்கிற பொருள். 1970கள்ல ஜப்பான்ல இதை மரத்தூள்லயும் மரக்கட்டையிலயும் நிறைய வளர்க்கக் கத்துக்கிட்டாங்க. நம்ம ஊர்ல வைக்கோல் திணிச்ச பையில சிப்பிக்காளான் வளர்க்குறாங்களே, அது மாதிரி. சக்கரவர்த்திக்கு மட்டும் கிடைச்சது டன் கணக்குல வந்துச்சு. ஆய்வுக்கூடத்துக்கும் வந்துச்சு, கூடவே விக்க வேண்டிய அவசியமும். டோஹோக்கு பல்கலைக்கழகத்துல ஹிரோஷி ஹிக்கினோவோட குழு மூலிகைகள்ல இருந்து சர்க்கரைச் சங்கிலிப் பொருள்களைப் பிரிச்சு எலிகளுக்குக் குடுத்துப் பார்த்துட்டு இருந்துச்சு. ஜின்செங், நான் மேல சொன்ன ஜிமூ, புடலை வேர்னு வரிசையா எல்லாம் பார்த்தாங்க. அந்த வரிசையில லிங்ஜியும் ஒண்ணு. அதுல இருந்து எடுத்த ரெண்டு பொருளுக்கு கானோடெரான் ஏ, பி-ன்னு பேர் வெச்சு, எலிக்கு வயித்துக்குள்ள ஊசி மூலமா ஏத்தினாங்க. எலியோட ரத்தத்துல சர்க்கரை குறைஞ்சது. 1985ல 'பிளான்டா மெடிக்கா' இதழ்ல கட்டுரை வந்துச்சு.

நல்ல ஆராய்ச்சிதான், அவங்க பொய் எதுவும் சொல்லலை. பிரிச்செடுத்த பொருள், ஊசி, எலி. இதுல இருந்து காளான் பொடி, வாய் வழி, எங்க பெரியப்பான்னு மூணு தாண்டு தாண்டினது விக்கிறவங்க.

மனுஷங்க கிட்டயும் சோதிச்சிருக்காங்க. 2004ல வந்த ஒரு சீன ஆய்வுல, 71 நோயாளிகளுக்கு லிங்ஜியில இருந்து எடுத்த ஒரு சாரத்தை 12 வாரம் குடுத்துப் பார்த்ததுல, மூணு மாச சராசரி சர்க்கரை 8.4ல இருந்து 7.6க்கு இறங்கினதா சொன்னாங்க. நம்பிக்கை தர்ற நம்பர்தான். ஆனா அதுக்கப்புறம் 2015ல காக்ரேன் அமைப்பு அதுவரை வந்த தரமான அஞ்சு ஆய்வுகளை, மொத்தம் 398 பேர், ஒண்ணா வெச்சு அலசினப்போ, இதய நோய், சர்க்கரை சம்பந்தமா இந்தக் காளானைப் பரிந்துரைக்க ஆதாரம் இல்லைன்னு வந்துச்சு. 2016ல ஆஸ்திரேலியாவுல 84 பேரை வெச்சு, தினம் 3 கிராம், 16 வாரம், யாருக்கு நிஜ மாத்திரை யாருக்கு டம்மின்னு ரெண்டு பக்கமும் தெரியாம நடத்தின சோதனையிலயும் சர்க்கரையில வித்தியாசம் இல்ல.

ஆக நாலாயிரம் வருஷம்னு சொன்னதுல சர்க்கரைக்கு வயசு நாப்பதுதான். பழைய பெருமை ஒரு பக்கம், புது எலி ஒரு பக்கம். ரெண்டையும் ஒட்டித் தெச்ச துணியைத்தான் பெரியப்பாவுக்கு வித்தாங்க.

பேர்லயும் ஒரு குளறுபடி இருக்கு. பாட்டில் மேல 'கானோடெர்மா லூசிடம்'னு போட்டிருப்பாங்க. அந்த இனத்துக்குப் பேர் வெச்சது 1781ல, லண்டன்ல வில்லியம் கர்ட்டிஸ். அவர் பார்த்தது இங்கிலாந்துக் காளானை. சீனாவுல விளையுறது அதே இனம் இல்லைன்னு பின்னாடி கண்டுபிடிச்சு, 2012ல சீன அறிஞர்கள் அதுக்குத் தனியா 'கானோடெர்மா லிங்ஜி'ன்னு பேர் வெச்சாங்க. பாட்டிலுக்குள்ள எந்தப் பங்காளி இருந்தான்னு அந்த ஆண்டவனுக்கே வெளிச்சம்.

இதைப் படிச்சுட்டு 'சரிதான், நாட்டு மருந்தெல்லாம் டுபாக்கூர்னு சொல்ல வந்துட்டான்'னு யாராவது கிளம்பினா, கொஞ்சம் பொறுங்க சாமி. பழைய நூலைப் பிடிச்சுக்கிட்டுப் போய் வைரம் எடுத்தவங்க இருக்காங்க. சீனாவோட தூ யூயூ, நாலாம் நூற்றாண்டுக் குறிப்பு ஒண்ணுல இருந்து துப்பு பிடிச்சுத்தான் மலேரியா மருந்து ஆர்டிமிசினினைப் பிரிச்செடுத்தார். 2015ல நோபல் பரிசு. பெரியப்பா விட்ட மாத்திரையில முக்கியமானது மெட்ஃபார்மின். அதுக்கும் மூலம் ஒரு செடிதான், ஐரோப்பாவோட கலேகா. அதுல இருந்த ஒரு பொருளோட உறவுக்காரப் பொருளை ஜான் ஸ்டெர்ன் பாரீஸ்ல நோயாளிங்க கிட்ட சோதிச்சு 1957ல வெளியிட்டார். மூலிகையை நம்பி மூலிகையோட பேரப்பிள்ளையைத் தூக்கிப் போட்டுட்டார் மனுஷன்.

நம்ம ஊர்லயே சிறுகுறிஞ்சான் இருக்கே. சர்க்கரைக்கொல்லின்னு கிராமத்துல சொல்வாங்க. இலையை மென்னுட்டு வெல்லத்தை வாயில போட்டா மண்ணு மாதிரி இருக்கும். சின்ன வயசுல வேலியில பறிச்சு, விவரம் தெரியாத சித்தப்பா பையனுக்குக் குடுத்து அவன் முழிச்சதைப் பார்த்துச் சிரிச்சிருக்கோம். இந்த இலையை ஊட்டியில இருந்த சென்னை மாகாண அரசாங்கத்தோட கொய்னா நிபுணர் டேவிட் ஹூப்பர் ஆராய்ஞ்சு, உள்ள இருக்குற ஜிம்னெமிக் அமிலத்தைப் பிரிச்சு 1887ல 'நேச்சர்' இதழ்ல எழுதினார். நூறு வருஷம் கழிச்சு சென்னைப் பல்கலைக்கழகத்துல இ.ஆர்.பி. சண்முகசுந்தரம் குழு இலைச் சாரத்தை நோயாளிங்களுக்கே குடுத்துப் பார்த்தாங்க. 1990ல வெளியான ஆய்வுல, 22 பேர், தினம் 400 மில்லிகிராம், பதினெட்டு மாசத்துக்கு மேல, வழக்கமான மாத்திரையோட சேர்த்து. அஞ்சு பேர் மாத்திரையை விட முடிஞ்சது. டம்மி மாத்திரை வெச்சு ஒப்பிடாத சின்ன ஆய்வு, அதனால இதையும் தலையில தூக்கி வெச்சு ஆட முடியாது. ஆனா இதுல எனக்குப் பிடிச்ச விஷயம், முதல் நாளே மாத்திரையைத் தூக்கிப் போடச் சொல்லாம, டாக்டர் கண் முன்னாடி, அளந்து அளந்து குறைச்சிருக்காங்க.

இன்னொரு ஆபத்து, நாட்டு மருந்துன்னு நினைச்சு முழுங்குறதுக்குள்ள இங்கிலீஷ் மருந்தே ஒளிஞ்சிருக்குறது. சீனாவுல 'சியாவ்கே உருண்டை'ன்னே ஒரு மருந்து உண்டு. பழைய நோய்ப் பேரு, மூலிகைக் கலவை, கூடவே ஒவ்வொரு உருண்டையிலயும் கால் மில்லிகிராம் கிளிபென்கிளமைட். அதுல ஒளிவு மறைவு இல்ல, அட்டையில போட்டுத்தான் விக்கிறாங்க. ஒளிச்சு வித்தா என்ன ஆகும்னு சிங்கப்பூர்ல 2008ல தெரிஞ்சது. ஆண்மைக்குன்னு திருட்டுத்தனமா வித்த மாத்திரைங்கள்ல இதே மருந்து கலந்திருந்து, சர்க்கரை நோயே இல்லாத 150 பேர் சர்க்கரை தாழ்ந்து ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. நாலு பேர் செத்துட்டாங்க.

நம்ம நாட்டுல 1954லயே மாய நிவாரணச் சட்டம்னு ஒண்ணு போட்டு, நீரிழிவைக் குணப்படுத்துறேன்னு விளம்பரம் பண்ணக் கூடாதுன்னு பட்டியல்லயே சேர்த்து வெச்சிருக்காங்க. பேப்பர்ல போட்டா பிடிக்கலாம். கல்யாண மண்டபத்துல மைக் வெச்சு, சொந்தக்காரன் சொந்தக்காரனுக்கு சொல்றதை எந்த இன்ஸ்பெக்டர் வந்து பிடிப்பார்?

இப்போ பெரியப்பா நல்லா இருக்கார். மாத்திரை, ராத்திரி இன்சுலின், விரல் இல்லாத காலுக்குத் தனியா செஞ்ச செருப்பு. காலையில அணைக்கட்டு வரைக்கும் நடக்குறார்.

2022ல பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தப்போ கொல்லையில ஒரு தென்னை மட்டை தொங்கி, காயெல்லாம் கொட்டி நின்னுச்சு. அடிமரத்துல செம்பழுப்பா சாறு வடிஞ்சு காய்ஞ்சிருந்துச்சு. வேளாண்மை அலுவலரைக் கூட்டிட்டு வந்து காட்டினோம். "தஞ்சாவூர் வாடல்"ன்னார். 1952 புயலுக்கு அப்புறம் தஞ்சாவூர் மாவட்டத் தோப்புங்கள்ல முதல்ல கவனிச்ச நோய், அதனால அந்தப் பேரு. அடித்தண்டு அழுகல்னும் சொல்வாங்க. மரத்தைக் காப்பாத்துறது கஷ்டம், வேரோட எடுத்துக் கொளுத்திடுங்க, மத்த மரத்துக்கு வருஷத்துக்கு அஞ்சு கிலோ வேப்பம்புண்ணாக்கு வைங்க, ஒரு சதவீத போர்டோ கலவையை மரத்துக்கு நாப்பது லிட்டர் ஊத்துங்கன்னு சொல்லிட்டே, தூர்ல இருந்த ஒண்ணைக் குச்சியால தட்டிக் காமிச்சார். விசிறி மாதிரி, செம்பழுப்புல, வார்னிஷ் அடிச்ச மாதிரி ஒரு காளான்.

"இதுக்குப் பேரு என்ன சார்?"னு கேட்டேன். எனக்குத் தெரியும், இருந்தாலும் கேட்டேன்.

"கானோடெர்மா தம்பி. மரத்துக்கு இதான் எமன்."

பெரியப்பா குனிஞ்சு ரொம்ப நேரம் அதையே பார்த்தார். சீனாக்காரனோட அதே இனம் இல்ல பெரியப்பா, பங்காளி முறைன்னு நான் விளக்க ஆரம்பிச்சேன். காதுலயே வாங்கலை. கடப்பாரையை எடுத்து ஒரே நெம்புல அதைப் பேர்த்துப் போட்டார். "இதையாடா நான் மாசம் மூவாயிரம் குடுத்து முழுங்கினேன்"ன்னு கேட்டுட்டு, பெரியம்மாவைக் கூப்பிட்டு மண்ணெண்ணெய் கேனை எடுத்துட்டு வரச் சொன்னார். அன்னைக்கு சாயங்காலமே வாத்தியார் வீட்டுக்கும் ஒரு மூட்டை வேப்பம்புண்ணாக்கு போச்சு. அவர் கொல்லையிலயும் ஏழு தென்னை இருக்கு.